கடலோரக் காப்பு நிலத்தில் லூப் அல்ட்ரா: மரின் ஹெட்லண்ட்ஸில் 50 மைல் ஓடி முடிக்க முழுமையான வழிகாட்டி

சான் ஃபிரான்சிஸ்கோவில் கோல்டன் கேட் பாலத்தைத் தாண்டி வடக்கே போனதும் கடலை ஒட்டி எழும் மலைகள்தான் மரின் ஹெட்லண்ட்ஸ். அங்கே ரோடியோ கடற்கரையில் தொடங்கி அங்கேயே வந்து முடியும் சுமார் 25 மைல் லூப்பை, அதாவது சுற்றுப்பாதையை, இரண்டு முறை சுற்றினால் 50 மைல், அதாவது 80 கிலோமீட்டர். அதை எப்படி ஓடி முடிப்பது என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

இங்கே நான் ஓடியும் இருக்கிறேன், தொண்டராக நின்று லூப் முடித்து வருகிறவர்களுக்குப் பாட்டில் நிரப்பியும் கொடுத்திருக்கிறேன். பாதியில் விட்டவர்களில் மலை மேலே விட்டவர்களை நான் அதிகம் பார்க்கவில்லை. தன் கார் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில், மடக்கு நாற்காலியில் உட்கார்ந்தபடி விட்டவர்கள்தான் அதிகம். லூப் ஓட்டத்துக்கே உரிய சிக்கல் இது. அதனால் இந்த வழிகாட்டியில் 8-வது படிக்கு நிறைய இடம் கொடுத்திருக்கிறேன். ஆனால் முன்னால் உள்ள ஏழும் சரியாக நடந்தால்தான் அந்த எட்டாவது கைகூடும்.

1. லூப்பை ஐந்து துண்டாக மனப்பாடம் செய்யுங்கள்

பணம் கட்டுவதற்கு முன்பே வரைபடத்தை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். போட்டிக்குப் போட்டி பாதை கொஞ்சம் மாறும். ஆனாலும் இங்கே 25 மைல் லூப் என்றால் பெரும்பாலும் இந்த ஐந்து துண்டுகள்தான்.

முதல் துண்டு ரோடியோ கடற்கரையிலிருந்து கோஸ்டல் டிரெயில் வழியாக ஏறி, ஹில் 88 பக்கம் வுல்ஃப் ரிட்ஜைத் தொட்டு, டென்னசி பள்ளத்தாக்கில் இறங்குவது. இரண்டாவது அங்கிருந்து மறுபடி ஏறி, பைரேட்ஸ் கோவ் என்ற சிறு வளைகுடாவுக்குச் செங்குத்தாக இறங்கி, கடல் ஓரமாகவே மியூர் கடற்கரை வரை போவது. மூன்றாவது மியூர் கடற்கரையிலிருந்து கிரீன் கல்ச் வழியாகக் கயோட்டி ரிட்ஜ் ஏறி, திரும்பவும் டென்னசி பள்ளத்தாக்கு. நான்காவது மரின்செல்லோ டிரெயில் ஏறி, பாப்கேட் டிரெயில், எஸ்.சி.ஏ. டிரெயில் வழியாகப் பாலம் தெரியும் முனை வரை. ஐந்தாவது அங்கிருந்து இறங்கி ரோடியோ கடற்கரைக்கே வருவது.

ஏன் மனப்பாடம்? டென்னசி பள்ளத்தாக்குக்கு ஒரே லூப்பில் இரண்டு முறை வருகிறீர்கள். முதல் முறை கடல் பக்கம் திரும்ப வேண்டும், இரண்டாம் முறை மரின்செல்லோ பக்கம். இரண்டாம் சுற்றில் ஓடிக் களைத்த தலைக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும். பாதை காட்டக் கட்டிய ரிப்பன்களில் தவறானதைப் பிடித்துக்கொண்டு புதியவர்கள் ஓடுவது இங்கேதான். சில போட்டிகளில் இரண்டாவது லூப்பை எதிர்த் திசையில் ஓடச் சொல்வார்கள். அப்படியானால் ஐந்து துண்டையும் கடைசியிலிருந்து முதலுக்கும் சொல்லிப் பழகுங்கள்.

இன்னொன்று. முதல் நான்கு துண்டிலும் ஏற்றம் கடல் மட்டத்துக்குக் கொஞ்சம் மேலேதான் தொடங்குகிறது. உச்சிகள் ஆயிரம் அடியைச் சுற்றித்தான் இருக்கின்றன, உயரம் என்று பார்த்தால் ஒன்றுமில்லை. ஆனால் ஏறியதையெல்லாம் உடனே இறங்கி, கீழே வந்து மறுபடி முதலிலிருந்து ஏற வேண்டும். காலை உடைப்பது அதுதான்.

2. நான்கு மாதப் பயிற்சி: இறக்கத்துக்குத் தனி இடம் கொடுங்கள்

சமதளத்தில் மாரத்தான் ஓடியவர்கள் ஏற்றத்துக்குப் பயந்து ஏற்றத்தையே பயிற்சி செய்கிறார்கள். ஏற்றத்தில் நடந்துவிடலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். இறக்கத்தில்தான் தொடையின் முன்தசை நீண்டுகொண்டே எடையைத் தாங்குகிறது. தசை நார்கள் அதிகம் சிதைவது அப்படிப்பட்ட வேலையில்தான். அதற்குப் பழகாத கால் 30 மைலில் இறங்க மறுத்துவிடும்.

வாரம் ஒரு நாள் நீண்ட இறக்கம் கட்டாயம். ஃப்ரீமாண்ட் பக்கம் இருப்பவர்களுக்கு 2,517 அடி மிஷன் பீக் இருக்கிறது. ஏறும்போது வேகமாக நடங்கள், இறங்கும்போது ஓடுங்கள். சின்னச் சின்ன அடியாக வைத்து, உடம்பைப் பின்னால் சாய்க்காமல் இறங்கப் பழகுங்கள். போட்டிக்கு மூன்று வாரம் இருக்கும்போது கடைசிப் பெரிய இறக்கத்தை முடித்துவிட்டு, அப்புறம் குறைத்துக்கொண்டே வாருங்கள். தசை ஆற நேரம் வேண்டும்.

வேகநடையையும் ஒரு பயிற்சியாகவே எடுத்துக்கொள்ளுங்கள். இந்த லூப்பில் ஏற்றம் முழுவதையும் நடக்கத்தான் போகிறீர்கள். மைலுக்கு இரண்டு நிமிடம் குறைவாக எடுத்து நடக்கத் தெரிந்தால், ஓடாமலேயே நேரம் மிச்சமாகும்.

மூன்றாவது பயிற்சியை யாரும் செய்வதில்லை. உங்கள் நீண்ட ஓட்டத்தை இரண்டு லூப்பாகப் பிரித்து, நடுவில் காருக்கு வாருங்கள். டிக்கியைத் திறங்கள், பாட்டிலை மாற்றுங்கள், மூடுங்கள், கிளம்புங்கள். களைத்த உடம்போடு சொந்தக் காரை விட்டு விலகிப் போவது ஒரு தனித் திறமை. நான்கு ஐந்து தடவை செய்தால் உடம்பு அதை வழக்கமாக ஏற்றுக்கொள்ளும்.

3. சாப்பாட்டைப் பயிற்சியிலேயே முடிவு செய்யுங்கள்

மணிக்கு 50 முதல் 60 கிராம் மாவுச்சத்து என்று தொடங்குங்கள். குடல் பழகினால் இன்னும் கூட்டலாம். ஓடும்போது உறிஞ்சும் இனிப்புக் கூழ்ப் பொட்டலமான ஜெல் ஒன்றில் பொதுவாக 20 முதல் 25 கிராம் இருக்கும். ஒரு நடுத்தர வாழைப்பழமும் கிட்டத்தட்ட அவ்வளவே.

பத்து மணி நேரத்துக்கு மேல் ஜெல் மட்டும் இறங்காது, இனிப்பு திகட்டிவிடும். நம் சமையலில் இதற்கு நல்ல வழி உண்டு. புளியோதரையை எலுமிச்சை அளவு உருண்டையாகப் பிடித்தால் ஒன்றில் சுமார் 15 கிராம் மாவுச்சத்து, கூடவே உப்பும் புளிப்பும். எண்ணெயைப் பாதியாகக் குறையுங்கள், கடலையையும் காய்ந்த மிளகாயையும் எடுத்துவிடுங்கள். கொழுப்பு வயிற்றில் தங்கும், காரம் ஓடும்போது மேலே எதுக்களிக்கும். சாதத்தைக் கொஞ்சம் குழைவாகவே வடியுங்கள், மென்று விழுங்க வாயில் எச்சில் ஊறாத நேரம் வரும்.

தண்ணீர் விஷயத்தில் இந்த இடம் ஏமாற்றும். கோடையில்கூடக் காலை முழுவதும் மூடுபனி, கடல் காற்று. வியர்வை தெரியாது. சிலர் குடிக்காமலே விடுகிறார்கள். வேறு சிலர் பயந்துபோய், வழியில் தண்ணீரும் சாப்பாடும் தரும் ஒவ்வோர் ஏய்ட் ஸ்டேஷனிலும் இரண்டு கோப்பை வெறும் தண்ணீர் குடிக்கிறார்கள், குளிர்ந்த நாளில் அது இன்னும் ஆபத்து. இரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போனால் விரல் வீங்கும், வயிறு குமட்டும், தலை குழம்பும். தாகத்துக்குக் குடியுங்கள், தொடக்கக் கணக்காக மணிக்கு அரை லிட்டர் வைத்துக்கொள்ளுங்கள், உப்பைச் சாப்பாட்டோடு சேருங்கள். மோதிரம் இறுகினால் வெறும் தண்ணீரை நிறுத்திவிட்டு ஏய்ட் ஸ்டேஷனில் சொல்லுங்கள்.

வலி மாத்திரை வேண்டாம். ஐபுப்ரோஃபென் போன்றவை நீர் வற்றிய உடம்பில் சிறுநீரகத்துக்குச் சுமை கூட்டும்.

4. முதுகுப் பை ஒன்று, லூப் பெட்டி ஒன்று

முதுகுப் பையில் ஒரு துண்டுக்குத் தேவையானதை மட்டும் வையுங்கள். இரண்டு அரை லிட்டர் பாட்டில், இரண்டு மணி நேரச் சாப்பாடு, காற்றுத் தடுப்பு மேலாடை, விசில், மடித்த காகித வரைபடம். மேலாடை கட்டாயம். வுல்ஃப் ரிட்ஜ் மேலே மூடுபனியும் காற்றும் சேர்ந்தால், நனைந்த பனியனோடு நடக்கும்போது ஐந்து நிமிடத்தில் உடம்பு நடுங்கிவிடும். வரைபடம் எதற்கு என்றால், பள்ளத்தாக்குகளில் போன் சிக்னல் கிடைப்பதில்லை.

லூப் முடியும் இடத்துக்கு ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பெட்டி எடுத்துப் போங்கள். துணிப் பை வேண்டாம். துணிப் பையில் வேண்டியது எப்போதும் அடியில்தான் இருக்கும். பெட்டிக்குள் பயன்படுத்தும் வரிசையில் அடுக்குங்கள்: மேலே நிரப்பி வைத்த இரண்டு பாட்டில், அதன் கீழே இரண்டாவது லூப்புக்கான சாப்பாட்டுப் பொட்டலம், அதன் கீழே ஹெட்லாம்ப், அப்புறம் வாசலின், காலுறை, காய்ந்த பனியன். எல்லாவற்றுக்கும் கீழே மாற்றுக் காலணி. பெரும்பாலும் அது தேவைப்படாது, அதனால்தான் அடியில்.

மூடியில் ஓர் அட்டையை ஒட்டுங்கள். என்ன எழுதுவது என்பது 8-வது படியில்.

5. இது காப்பு நிலம்: காலை எங்கே வைக்கலாம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

ஹெட்லண்ட்ஸ் கோல்டன் கேட் தேசியப் பொழுதுபோக்குப் பகுதியைச் சேர்ந்தது. 1972-ல் உருவான அந்தப் பகுதி தேசியப் பூங்காச் சேவையின் பொறுப்பில் இருக்கிறது. போட்டி நடத்துகிறவர்கள் அனுமதி வாங்கித்தான் நடத்துகிறார்கள். ஓடுகிறவர்கள் நடந்துகொள்ளும் விதத்தைப் பொறுத்துத்தான் அந்த அனுமதி அடுத்த ஆண்டும் கிடைக்கும். ஆனால் அதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. இந்த மண்ணை எனக்குப் பிடிக்கும். என்ன இருக்கிறது என்று தெரிந்தால் உங்களுக்கும் பிடிக்கும்.

ஒற்றையடிப்பாதை சேறாக இருந்தால் புதியவர்கள் ஓரப் புல்லில் கால் வைத்துத் தாண்டுகிறார்கள். கூடாது. மிஷன் ப்ளூ என்று ஒரு சின்ன நீலப் பட்டாம்பூச்சி. 1976-ல் அழியும் ஆபத்தில் உள்ள இனமாக அறிவித்தார்கள். அதன் புழு லூபின் செடிகளை மட்டும்தான் தின்னும், அதிலும் மூன்றே வகை. அந்த லூபின் கிளறிவிட்ட மண்ணில் நன்றாக முளைக்கும், அதாவது நீங்கள் கால் வைக்கப் பார்க்கும் பாதையோரத்தில். ஓர் இலையின் மேல் ஊசிமுனை அளவில் வெள்ளையாக முட்டை ஒட்டியிருப்பதை ஓடுகிறவர் கண்ணால் பார்க்கவே முடியாது. அதனால் சேற்றின் நடுவிலேயே மிதித்துப் போங்கள். காலணி காய்ந்துவிடும்.

பாதையோரத்தில் இன்னும் இரண்டு உண்டு. ஒன்று பாய்சன் ஓக், மூன்று மூன்றாக இலை விடும், கோடைக் கடைசியில் சிவக்கும். அதன் எண்ணெய் தோலில் பட்டால் நாட்கணக்கில் அரிக்கும். மற்றது உண்ணி, புல் நுனியில் தொற்றிக்கொண்டு காத்திருக்கும். பாதை நடுவில் ஓடினால் இரண்டும் தொடாது.

முதல் ஓட்டத்துக்கு வரும் முன் காலணியின் அடியைத் தேய்த்துக் கழுவிக்கொண்டு வாருங்கள். கலிஃபோர்னியாவில் ஓக் மரங்களைச் சாகடிக்கும் நுண்ணுயிர் ஈர மண்ணோடு ஒட்டிப் பயணம் செய்கிறது. போன வாரம் வேறு காட்டில் ஓடிய சேற்றை இங்கே கொண்டுவர வேண்டாம்.

ஜெல் பொட்டலத்தின் மேல் முனையை முழுதாகக் கிழிக்காதீர்கள். பொட்டலத்தை எல்லோரும் பைக்குள் போட்டுவிடுகிறார்கள், கிழித்த அந்த விரல்நகத் துண்டுதான் காற்றில் பறக்கிறது. போட்டி முடிந்து ரிப்பன் எடுக்கப் போகும்போது நான் பொறுக்குவதில் பாதிக்கு மேல் அந்தத் துண்டுகள். பாதி கிழித்து, தொங்கவிட்டு, அப்படியே மடித்து உள்ளே வையுங்கள்.

கழிப்பறை ரோடியோ கடற்கரை, டென்னசி பள்ளத்தாக்கு, மியூர் கடற்கரை மூன்றிலும் உண்டு. அவசரம் வரும் முன்பே பயன்படுத்துங்கள். குதிரை வந்தால் ஓடுவதை நிறுத்தி, மேலே இருப்பவரிடம் ஒரு வார்த்தை பேசுங்கள். குரல் கேட்டால்தான் குதிரைக்கு வருவது மனிதர் என்று தெரியும். டென்னசி பள்ளத்தாக்கில் குதிரை லாயமே இருக்கிறது, எனவே கண்டிப்பாக எதிர்ப்படும்.

6. காலையில்: குகைப்பாதையின் சிவப்பு விளக்கைக் கணக்கில் சேருங்கள்

நெடுஞ்சாலை 101-லிருந்து ரோடியோ கடற்கரைக்கு வரும் பங்கர் சாலையில் ஒரு குகைப்பாதை இருக்கிறது. ஒரு நேரத்தில் ஒரு திசைக்குத்தான் வழி. சிவப்பு விழுந்தால் ஐந்து நிமிடம் நிற்க வேண்டும். அதிகாலையில் அந்த விளக்கின் முன்னால் கார் வரிசையில் உட்கார்ந்து பதறுகிறவர்களை ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன். பதறி வருகிறவர் முதல் ஏற்றத்தை ஓடியே ஏறுவார். தொடங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பே வந்துவிடுங்கள்.

வந்ததும் இந்த வரிசை: எண் அட்டை வாங்குதல், கழிப்பறை, பெட்டியை வைத்தல், காரைப் பூட்டுதல். பெட்டியைக் காருக்குள் வைக்காதீர்கள். லூப் முடிவில் உங்கள் கால் காரை நோக்கி ஓரடிகூடப் போகக் கூடாது. சாவியைத் துணைக்கு வந்தவரிடமோ நம்பகமான தொண்டரிடமோ கொடுத்துவிட்டால் இன்னும் நல்லது.

சமுத்திரம் அழகாக இருக்கிறது என்று அலையோரம் போய் நிற்க வேண்டாம். ரோடியோ கடற்கரையின் கூழாங்கல் சரிவு செங்குத்து, திடீர்ப் பேரலை வரும். நனைந்த காலுறையோடு 80 கிலோமீட்டர் தொடங்குவது வீண் தொல்லை.

7. முதல் லூப்: உடம்பைப் பிடித்து வையுங்கள், இடத்தைப் படியுங்கள்

முதல் ஏற்றம் முழுவதும் நடங்கள். எல்லோரும் ஓடுவார்கள், ஓடட்டும். மூச்சு வாங்காமல் முழு வாக்கியம் பேச முடிகிற வேகம்தான் சரியான வேகம். முதல் லூப் ஆறு மணி நேரம் என்றால் இரண்டாவது ஏழுக்குள் வந்தால் நன்றாக ஓடியிருக்கிறீர்கள் என்பது என் கணக்கு. முதல் லூப்பில் சேமித்ததாக நினைக்கும் இருபது நிமிடத்துக்கு இரண்டாவதில் ஒரு மணி நேரம் கட்டுவீர்கள்.

ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு கணம் நின்று திரும்பிப் பாருங்கள். எதிர்த் திசையில் வந்தால் எப்படித் தெரியும், இருட்டில் வந்தால் எந்தக் கம்பம் அடையாளம் என்று மனதில் பதியுங்கள். லூப் ஓட்டம் தரும் பெரிய வசதியே இதுதான். இரண்டாம் சுற்றில் எதுவும் புதிதாக இருக்காது. அந்த வசதியை முதல் சுற்றில் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

பைரேட்ஸ் கோவின் இறக்கத்தில் படிக்கட்டு வரும். படிகள் ஒரே அளவில் இல்லை. இங்கே மட்டும் ஓடாமல் இறங்குங்கள். முழங்காலை இங்கே கொடுத்துவிட்டால் மியூர் கடற்கரைக்குப் போகும் நல்ல பாதையில் ஓட முடியாது. கடல் பார்க்கக் குன்றின் விளிம்புக்குப் போகாதீர்கள், இந்தக் கரையின் மண் பொலபொலவென்று சரியும்.

மரின்செல்லோ ஒன்றரை மைல் சீரான ஏற்றம், அகலமான பாதை. கால் வைக்கும் இடம் பார்க்க வேண்டாம் என்பதால் சாப்பிடச் சரியான இடம் இது. அடிவாரத்தில் ஓர் உருண்டை, மேலே போய்ச் சேரும்போது இன்னொன்று. இறக்கத்தில் சாப்பிட்டால் வயிறு குலுங்கும்.

காலணிக்குள் கல் நறுக்கென்றால் உடனே நின்று எடுங்கள். அடுத்த ஏய்ட் ஸ்டேஷனில் பார்க்கலாம் என்று விட்ட கல்தான் கொப்புளமாகிறது.

8. லூப்புக்கு நடுவில் நான்கு நிமிடம்

இங்கேதான் நின்று நான் பார்க்கிறேன். ரோடியோ கடற்கரைக்கு இறங்கி வருகிறார்கள். இசை கேட்கிறது, சூப் வாசனை வருகிறது, குறைந்த தூரம் ஓடியவர்கள் பதக்கத்தோடு படம் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். உடம்பு ஓட்டம் முடிந்துவிட்டது என்று நம்பத் தொடங்குகிறது.

ஒரு தம்பி, நல்ல ஓட்டக்காரர், எனக்கு முன்னால் வந்து நின்றார். முகத்தில் உப்புப் பூத்திருந்தது, வேறு குறையில்லை. “அண்ணா, அஞ்சு நிமிஷம் உட்கார்ந்துட்டுப் போறேன்” என்றார். போர்வை கொடுத்தார்கள், போர்த்திக்கொண்டார். காற்று அடிக்கிறது என்று காருக்குள் போனார், ஹீட்டர் போட்டார். நாற்பது நிமிடம் கழித்துக் கதவைத் திறந்தபோது முழங்கால் மடங்கவில்லை, பல் கிட்டிக்கொண்டது. போட்டியில் அனுமதிக்கும் கடைசி நேரமான கட்-ஆஃபுக்கு நிறைய நேரம் இருந்தது. அவர் எண் அட்டையைக் கழற்றிக் கொடுத்தபோது எனக்கு மனசு கேட்கவில்லை.

உட்கார்ந்தால் ஏன் இப்படி ஆகிறது? ஓடும்போது தசை உண்டாக்கும் வெப்பம் நின்றதும் குறைகிறது, நனைந்த துணி மீதியையும் உறிஞ்சுகிறது. கடல் காற்று அடிக்கும் இந்த இடத்தில் பத்து நிமிடம் போதும். கூடவே சிதைந்த தசை விறைக்கிறது. பிறகு எழுவது முதல் லூப்பின் எந்த ஏற்றத்தையும்விடக் கடினம்.

ஆகவே பெட்டி மூடியில் ஒட்டும் அட்டையில் இதை எழுதுங்கள், இதே வரிசையில்:

1. எண் சொல். தொண்டரிடம் எண்ணைச் சத்தமாகச் சொல்லிப் பதிவாவதை உறுதி செய்.
2. பாட்டில் மாற்று. காலியைப் பெட்டியில் போடு, நிரப்பியதை எடு.
3. குப்பையைக் கொட்டு, சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பைக்குள் போடு.
4. ஹெட்லாம்ப் எடு.
5. தேய்ந்த இடத்தில் வாசலின்.
6. நனைந்த பனியனைக் கழற்று, காய்ந்ததைப் போடு.
7. கையில் சாப்பாட்டோடு நட.

வரிசைக்குக் காரணம் உண்டு. எண் பதிவாகாமல் கிளம்பினால் உங்கள் முதல் லூப்பே கணக்கில் வராமல் போகலாம். ஹெட்லாம்ப் நான்காவதாக, ஏனென்றால் வெயில் இருக்கும்போது அதை மறப்பது மிக எளிது. பனியன் மாற்றுவது கடைசியில், ஏனென்றால் காய்ந்த துணி போட்ட உடனே சுகமாகிவிடும், அந்தச் சுகத்தோடு நின்றால் கால் நகராது. மாற்றிய மறு நிமிடம் நடந்துகொண்டிருக்க வேண்டும்.

சாப்பாட்டை உட்கார்ந்து சாப்பிடாதீர்கள். ஃபிளாஸ்க்கில் மிளகு குறைத்த ரசம் வைத்திருந்தால் காகிதக் கோப்பையில் ஊற்றி, மூடி போட்டு, கையில் எடுத்துக்கொண்டே ஏற்றத்தைத் தொடங்குங்கள். சூடான உப்புத் தண்ணீர் திகட்டிய வாயை உடனே திருப்பிக் கொண்டுவரும். என் வழக்கம் இதுதான்: கோப்பை காலியாகும்போது கடற்கரையின் சத்தம் கேட்காத தூரத்தில் இருப்பேன். அங்கிருந்து திரும்பி வர யாருக்கும் தோன்றாது. காலிக் கோப்பை மடங்கிப் பைக்குள் போகும்.

துணைக்கு வருகிறவருக்கும் இந்த அட்டையை முன்கூட்டியே காட்டிவிடுங்கள். “முடியுமா? வலிக்குதா?” என்று கேட்க வேண்டாம் என்று சொல்லிவையுங்கள். “அடுத்து பாட்டில்”, “அடுத்து லாம்ப்” என்று மட்டும் சொன்னால் போதும். அன்பாகக் கேட்கும் கேள்விதான் உட்கார வைக்கும்.

எப்போது உண்மையாகவே நிறுத்த வேண்டும்? தலை குழம்பினால், நேராக நடக்க முடியாவிட்டால், ஒன்றும் வயிற்றில் தங்காமல் வாந்தி தொடர்ந்தால், சிறுநீர் கருஞ்சிவப்பாக வந்தால், ஓரிடத்தில் குத்தும் எலும்பு வலி ஒவ்வோர் அடியிலும் கூடினால் நிறுத்துங்கள், மருத்துவ உதவியாளரிடம் போங்கள். களைப்பு, சோர்வு, அழுகை, இரண்டு தொடையும் ஒரேபோல வலிப்பது, இவற்றோடு கிளம்பலாம். டென்னசி பள்ளத்தாக்கு வரை போய்ப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

9. இரண்டாவது லூப்: துண்டு துண்டாக

25 மைலை நினைக்க வேண்டாம். அடுத்த துண்டை மட்டும் நினையுங்கள். ஒவ்வொரு துண்டின் முடிவிலும் சாப்பிட்டது எவ்வளவு என்று வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளுங்கள். மனம் இருண்டுபோனால் பெரும்பாலும் அது பசி. 20 நிமிடத்தில் இரண்டு ஜெல் அல்லது மூன்று உருண்டை உள்ளே போனால் மலையே வேறு மாதிரி தெரியும்.

கயோட்டி ரிட்ஜ் ஏற்றத்தில் முதல் சுற்றைவிட மெதுவாகத்தான் நடப்பீர்கள், அது சரி. இறக்கத்தில் ஓட முடிகிறதா என்று பாருங்கள். பத்து அடி ஓட்டம், பத்து அடி நடை என்று தொடங்கினால் கால் சூடாகி ஓட்டம் நீளும்.

இருட்டோடு மூடுபனியும் சேர்ந்தால் தலையில் கட்டிய ஹெட்லாம்ப் எதிரே வெள்ளைச் சுவரைத்தான் காட்டும். ஒளி கண்ணுக்கு அருகிலிருந்து போய் நீர்த்துளியில் பட்டு நேரே கண்ணுக்குத் திரும்புகிறது. கழற்றி இடுப்பில் கட்டுங்கள், இல்லை கையில் தாழ்த்திப் பிடியுங்கள். கற்களுக்கு நிழல் விழும், பாதை தெரியும். பிரகாசத்தையும் குறையுங்கள்.

ஐந்து நிமிடமாக ரிப்பனே கண்ணில் படவில்லை என்றால் முன்னால் போகாதீர்கள். கடைசியாகப் பார்த்த ரிப்பனுக்குத் திரும்புங்கள். குறுக்கே இறங்கிப் பாதையைப் பிடிக்கப் பார்ப்பது இங்கே இரண்டு வகையில் தவறு: கீழே குன்று சரியும், காலடியில் செடி நசுங்கும்.

10. முடித்த பிறகு முதல் ஒரு மணி நேரம்

முதலில் காய்ந்த துணி, அப்புறம் சாப்பாடு, அப்புறம்தான் படம். நடுங்கத் தொடங்கிவிட்டால் உணவு இறங்காது.

காலணியைக் கழற்றியதும் காலுறையைத் திருப்பி, ஒட்டியிருக்கும் புல் விதைகளை அங்கேயே குப்பைத் தொட்டியில் உதறுங்கள். வீட்டுத் தோட்டத்துக்கோ அடுத்த காட்டுக்கோ அவை போக வேண்டாம். கணுக்கால், முழங்கால் மடிப்பு, அக்குள், இடுப்புப் பட்டை இருந்த இடம், தலைமுடி ஓரம் எல்லாவற்றிலும் உண்ணி இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். எள் அளவுதான் இருக்கும். இருந்தால் இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள், முறுக்க வேண்டாம். பாய்சன் ஓக் பட்டிருக்கும் என்று சந்தேகமிருந்தால் வீடு வரை காத்திருக்காமல் சோப்பும் குளிர்ந்த தண்ணீரும் போட்டுத் தேயுங்கள். ஓடிய துணியை மற்ற துணியோடு சேர்க்காமல் தனியாகத் துவையுங்கள்.

80 கிலோமீட்டர் ஓடிய உடம்போடு உடனே வண்டி ஓட்டாதீர்கள். குகைப்பாதை விளக்கில் ஐந்து நிமிடம் நின்றால் கண் சொக்கிவிடும். யாராவது ஓட்டட்டும், இல்லையென்றால் காரிலேயே ஒரு தூக்கம் போட்டுவிட்டுக் கிளம்புங்கள். இப்போது ஹீட்டர் போட்டுக்கொள்ளலாம்.